பிரித்தவனுக்குத் தெரியும்

காரின் உட்புறம் நல்லதா, மட்டமா என்று பார்க்க ஷோரூம் ஏற்ற இடமில்லை. அங்கே எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும், சீட்டின் மேல் பாலிதீன் உறை பிரிக்காமல் இருக்கும், டாஷ்போர்டில் திரை பளிச்சென்று எரியும். நாலைந்து சித்திரை வெயிலைக் கண்டபிறகு அதே வண்டி குஷன் கடைக்கு வரும்போது பாருங்கள். சீட்டுக்குள் என்ன வைத்தார்கள், எதில் மிச்சம் பிடித்தார்கள் என்பது அப்போது தெரியும். என் பிழைப்பு அந்தப் பிரிக்கிற வேலை. சென்னையில் குஷன் கடைகளிலேயே என் வயது போயிருக்கிறது. தொழில் பழக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவைதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாகச் சேருகிற பையனுக்கு அவர் ஊசியையோ கத்திரியையோ எடுத்த எடுப்பில் கொடுக்க மாட்டார். வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, "கண்ண மூடிக்கிட்டு கைய உள்ள விடு" என்பார். கதவுப் பையின் உள்விளிம்பு, சீட்டுக்கடியில் இருக்கிற லீவர், டாஷ்போர்டின் கீழ்ப்பக்கம், கிளவ்பாக்ஸ் மூடியின் ஓரம் என்று ஒவ்வொன்றாக விரல் ஊர்ந்து வர வேண்டும். "என்னா தட்டுது?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல பாய்" என்றால் அடுத்த வண்டிக்கு அனுப்புவார். விரல் கீறிக்கொண்டு நின்றால், "அதுதான்டா பிசிறு. மறக்காத" என்பார்.

பிளாஸ்டிக் வார்க்கிற அச்சு இரண்டு பாதியாக மூடுவது. இரண்டும் சேருகிற கோட்டில் உருகிய பிளாஸ்டிக் கொஞ்சம் கசிந்து மெல்லிய விளிம்பாக நிற்கும். அச்சு தேயத் தேய அந்தப் பிசிறு கூடும். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் எல்லாரும் அதைச் சீவிவிடுவார்கள். குனிந்தால்கூடத் தெரியாத பக்கத்தையும் சீவி அனுப்பியிருக்கிற வண்டி என்றால், அதைச் செய்த இடத்தில் யாரோ ஒருவர் கறாராக நின்றிருக்கிறார் என்று அர்த்தம். அந்த வண்டியில் மற்ற வேலைகளும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கதவுப் பேடைக் கழற்றினால் அதன் முதுகைப் படிக்கப் பழகுங்கள். பி.பி. என்றோ ஏ.பி.எஸ். என்றோ எழுத்து பதிந்திருக்கும், அது எந்தப் பிளாஸ்டிக் என்பதற்கான குறி. பக்கத்திலேயே சின்ன வட்டம் ஒன்று இருக்கலாம். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு எண், ஒரு அம்புக்குறி. அந்தத் துண்டு எப்போது வார்க்கப்பட்டது என்பது அது. மூன்று கதவின் பேடுகள் 2016 என்று காட்டி நான்காவது மட்டும் 2019 என்று காட்டினால், அந்தக் கதவுக்கு நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர் நம்மைக் கூட்டிப்போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது. சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் லேபிளிலும் தயாரித்த தேதி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

என்ன இருந்தாலும் உட்புறம் என்றால் எனக்குச் சீட்தான். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கடை வாசலில் நிற்பதெல்லாம் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். முன்சீட்டே நீளமான பெஞ்சு. அடியில் சுருள் ஸ்பிரிங், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தேங்காய் நார், பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே ரெக்ஸின். பாய் நாரைப் பரப்புகிற அழகைப் பார்க்க வேண்டும். கை நிறைய அள்ளி, முடிச்சு நிற்காமல் உதறி, தொடை வந்து அமர்கிற முன் ஓரத்தில் கொஞ்சம் கூட்டியும் நடுவில் கொஞ்சம் தளர்த்தியும் வைப்பார். அளவுகோல் கிடையாது. வைத்து முடித்ததும் உள்ளங்கையை விரித்து உடம்பின் கனத்தையெல்லாம் அதில் இறக்கி, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டு வருவார். கை எங்கே தயங்குகிறதோ அங்கே நாரைப் பிடுங்கித் திரும்ப வைப்பார். மூன்று முறை, நான்கு முறைகூடப் பிடுங்குவார். பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இடுப்பு வலி என்று வருகிற டாக்ஸி டிரைவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேறு கடைக்குப் போக மாட்டார்கள்.

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. பிறகு மெல்ல மெல்ல நாரும் ஸ்பிரிங்கும் போய், அச்சில் வார்த்த ஃபோம் எல்லா வண்டியிலும் வந்துவிட்டது. 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. நார் வேலை கேட்டு இப்போது வருகிறவர்கள் பழைய வண்டியைப் பிள்ளையாக வளர்க்கிற சிலர்தான். ஆனால் பாயின் அந்த உள்ளங்கைச் சோதனை ஃபோமுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஃபோம் விஷயத்தில் புதுப் பையன்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கடையில் '32 டென்சிட்டி, 40 டென்சிட்டி' என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பதுதான் அந்த எண். அது கூடினால் ஃபோம் கெட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. குறைந்த டென்சிட்டியிலும் கெட்டியான ஃபோம் உண்டு. கடையில் அழுத்தினால் நன்றாகத் தாங்கும், ஒரு வருடத்தில் பள்ளம் விழுந்துவிடும். டென்சிட்டி கூடிய மெத்தென்ற ஃபோமும் உண்டு. அது உடம்பை உள்வாங்கும், வருடக்கணக்கில் எழும்பியும் வரும். எங்கள் கடையில் ஒரு பையன் முதுகுவலிக்காரர் ஒருவருக்குக் கெட்டி ஃபோமாகப் பார்த்து வைத்துவிட்டான். பாய் அவனைத் திட்டவில்லை. அந்தக் கெட்டி ஃபோமிலும் டென்சிட்டி கூடிய ஃபோமிலும் ஒரே அளவில் ஒவ்வொரு துண்டு எடுத்துத் தராசில் வைக்கச் சொன்னார். பிறகு இரண்டையும் முழங்கையால் அழுத்திவிட்டு எடுக்கச் சொன்னார். ஒன்று அழுத்திய தடத்தோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இன்னொன்று கையோடேயே எழுந்து வந்தது. அந்தப் பையன் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், மேசையில் தராசும் வைத்திருக்கிறான்.

ஆகவே எந்த வண்டியின் சீட்டைப் பார்த்தாலும் முழங்கையால் அழுத்துங்கள். பக்கவாட்டு மேட்டையும் விடாதீர்கள். டிரைவர் சீட்டில் கதவுப் பக்கத்து மேடுதான் முதலில் சாகும். ஏறி இறங்குகிற ஒவ்வொரு முறையும் தொடை அதில் உரசுகிறது. மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டி, அந்த மேடு நைந்து ஃபோம் சரிந்து, பிரேக் பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

அடுத்தது தையல். சீட் உறையில் தையலைப் பார்க்கிறவர்கள் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். நேராகத் தைக்க இப்போது மெஷினே உதவி செய்கிறது. ஊசியும் காலும் அடிப்பல்லும் சேர்ந்து துணியை நகர்த்துகிற மெஷினில் ரெக்ஸின் வழுக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது தையலின் நீளத்தை. தோலிலும் ரெக்ஸினிலும் மேல்தையலுக்கு அங்குலத்துக்கு ஆறு, ஏழு போதும். சட்டைக்குத் தைக்கிற பழக்கத்தில் பன்னிரண்டு போட்டால் பார்க்க நெருக்கமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் தபால்தலை ஓரம் போல வரிசையாக ஓட்டை விழுந்து, கனமான ஆள் உட்காருகிற அன்று அந்தக் கோட்டிலேயே கிழியும். துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ரெக்ஸினில் போட்ட ஓட்டை போட்டதுதான், மூடாது. அதனால்தான் பிரித்துத் திரும்பத் தைக்கலாம் என்ற வசதி இந்த வேலையில் இல்லை. தையல் மெஷினில் கால் வைக்கும் முன்பே சாக்பீஸ் கோடு முடிவாகியிருக்க வேண்டும்.

மூலையில் தையலைத் தேடுங்கள். இரட்டை மேல்தையல் போட்ட சீட்டில் இரண்டு வரியும் வளைவில் ஒரே இடைவெளியில் திரும்புகிறதா? உள்வளைவில் சுருக்கம் விழுந்திருக்கிறதா? உள்ளே மடிக்கிற விளிம்பில் சிறு சிறு வெட்டுக் கொடுத்திருந்தால்தான் வளைவு படுத்து உட்காரும். அந்த வெட்டு வெளியே தெரியவே தெரியாது. பைப்பிங் வைத்த சீட் என்றால் விரலால் பைப்பிங்கின் மீது ஓட்டிக்கொண்டே போங்கள். தடிமன் ஓரிடத்திலும் மாறக் கூடாது, பக்கத்தில் தையல் நூல் எட்டிப் பார்க்கக் கூடாது. நூல் பாலியெஸ்டராக இருப்பது நமது வெயிலுக்கு நல்லது. நைலான் வலுவானதுதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தையல்கள்தான் முதலில் விடுகின்றன, காரணம் அதுதான்.

தோலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல் எடுக்கப் போகும்போதெல்லாம் பாய் முழுத்தோலைத் தரையில் விரிக்கச் சொல்வார். முதுகெலும்பு ஓடுகிற நடுப்பகுதி இறுக்கமாக, ஒரே சீராக இருக்கும். கழுத்தில் மடிப்புக் கோடுகள். வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். உட்காருகிற இடத்துக்கும் சாய்கிற இடத்துக்கும் முதுகுத்தோல்தான் போக வேண்டும். வயிற்றுத்தோலைச் சீட்டின் அடிப்பாவாடைக்கும் கண்ணில் படாத இடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதால் ஒரு துண்டும் வீணாகாமல் வெட்டிவிடத்தான் கை துடிக்கும். அந்தத் துடிப்பில் சீட் நடுவில் வயிற்றுத்தோல் விழுந்தால் ஆறு மாதத்தில் அங்கே தோல் தொங்கிச் சுருக்கம் கட்டிவிடும். விலை உயர்ந்த வண்டிகளிலேயே அப்படிப்பட்ட சீட்டைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் வருகிற தோலின்மேல் பெரும்பாலும் நிறப்பூச்சு ஏறியிருக்கும். பூச்சு கனமாக இருந்தால் எல்லாத் தழும்பையும் மறைத்துவிடும், தொட்டால் பிளாஸ்டிக்கைத் தொடுகிற மாதிரி இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல தோல் விரலைச் சுற்றி மெல்லிய ரேகைகளாகச் சுருங்கும். ரெக்ஸின் குழிந்து கொடுக்கும், அந்த ரேகை விழாது.

ரெக்ஸினை இளப்பமாக நினைக்க வேண்டாம். நல்ல ரெக்ஸின் போட்ட சீட் பத்து வருடம் தாங்கும். அதை மென்மையாக வைத்திருக்கிற எண்ணெய்ப்பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்போதுதான் அது விறைத்து வெடிக்கிறது. புது வண்டியில் முன்கண்ணாடியின் உட்பக்கம் மங்கலாகப் படலம் படிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. பி.யு. தோல் என்று விற்கிறார்களே, அது தொடுவதற்குச் சுகமாக இருக்கும். மட்டமான பி.யு. நமது கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்குத் தாங்காது. மேல் படலம் செதில் செதிலாக உரியத் தொடங்கினால் வைத்தியமே இல்லை, மாற்ற வேண்டியதுதான். வாடிக்கையாளர் தோல் கேட்டு, கையில் காசு குறைவு என்றால், நல்ல ரெக்ஸினோ நல்ல துணியோ போடச் சொல்லுங்கள். துணி மூச்சு விடும். மே மாத மதியம் வெயிலில் நின்ற வண்டியில் ஏறிப் பாருங்கள், துணியின் அருமை தெரியும்.

இனி சொல்லப்போவதைப் பழகுகிற பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பல வண்டிகளில் முன்சீட்டின் சாய்மானத்துக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. கதவுப் பக்கத்து ஓரத்தில் சின்ன லேபிளில் ஏர்பேக் என்று குறித்திருக்கும். மோதும்போது அந்தப் பை அங்கே இருக்கிற தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதனால் அந்த ஒரு தையலுக்கு மட்டும் தனி நூல், தனி அளவு. தொழிற்சாலையில் அதைத் தைக்கிற மெஷின்கள் நூலின் இழுவிசையைக் கண்காணித்துப் பதிவும் செய்துகொள்ளும். நம் கடைக்கு வந்த ஒரு வண்டியில், வேறெங்கோ போட்ட இறுக்கமான உறை அந்த ஓரத்தைச் சுற்றி, தடித்த நூலில் இரட்டைத் தையலோடு அழகாக மூடியிருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பை திறக்கவே முடியாது. உரிமையாளரிடம் சொல்லி அப்போதே அவிழ்த்தோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், காசு கொடுத்துப் போட்டது. அந்த இடத்தைத் திறந்துவிடுகிற உறை கேட்டு வாங்குங்கள், அல்லது உறையே போடாதீர்கள். ஏர்பேக் உள்ள சீட்டின் சாய்மானத்தை நாமே பிரித்துத் தைக்கிற துணிச்சல் வேண்டாம். சீட்டைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகுதான் அதைத் தொட வேண்டும். வேலை எத்தனை நேர்த்தி என்றாலும் உயிரைக் காக்கிற பொருளுக்குக் குறுக்கே நின்றால் அந்த உட்புறத்தை நான் மட்டம் என்றுதான் சொல்வேன்.

டாஷ்போர்டுக்கு வருவோம். மெத்தென்ற டாஷ்போர்டு உசத்தி, கெட்டிப் பிளாஸ்டிக் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மெல்லிய தோல், அடியில் ஃபோம், அதற்கடியில் கெட்டிச் சட்டம் என்று மூன்று அடுக்காகச் செய்கிற டாஷ்போர்டு தொடச் சுகம், சத்தத்தையும் அடக்கும். ஆனால் அந்த மேல்தோல் வெயிலில் வெடித்தால் சரிசெய்கிற பாடு எனக்குத்தான் தெரியும். ஒழுங்காக வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக் இருபது வருடம் கழித்தும் துடைத்தால் புதிதாக நிற்கும். கை வைக்கிற இடமும் முழங்கை சாய்கிற கதவு ஓரமும் மெத்தென்று இருந்தால் போதும். மேற்பரப்பு பளபளக்கக் கூடாது. டாஷ்போர்டின் மேல்பாகம் மினுக்கினாலோ வெளிர்நிறமாக இருந்தாலோ மதியத்தில் முன்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து சாலையை மறைக்கும். கியரைச் சுற்றிக் கண்ணாடி போன்ற கறுப்புப் பூச்சு கொடுக்கிறார்களே, அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. சாவி வைக்கிற இடத்தில் அதைப் போட்டவர்கள், சாவி வைத்தால் கீறல் விழுமா என்று பார்க்கவில்லை.

சத்தம் பிடிக்கிற கலைக்குப் பொறுமை வேண்டும். 'டிக் டிக்' என்று எங்கிருந்தோ வருகிறது என்பார்கள். மேடுபள்ளமான தெருவில் மெதுவாக ஓட்டச் சொல்லி, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் ஒவ்வொரு பேனலாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அநேகமாக இரண்டு பிளாஸ்டிக் ஒன்றோடொன்று உரசுகிற இடமாகவோ ஒடிந்துபோன கிளிப்பாகவோ இருக்கும். நடுவில் துணி டேப் ஒரு துண்டு ஒட்டினால் தீர்ந்தது. நல்ல வண்டியைப் பிரித்தால் தொழிற்சாலையிலேயே அந்தத் துண்டை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். கிளிப் இறங்குகிற துளை, ஒயர் கட்டு கதவுத் தகட்டைத் தொடுகிற இடம், கிளவ்பாக்ஸின் உள்சுவர் எல்லாவற்றிலும் கறுப்புத் துணி இருக்கும். எத்தனை இடத்தில் துணி ஒட்டியிருக்கிறது என்று எண்ணினாலே அந்த வண்டியின் மதிப்பு எனக்குத் தெரிந்துவிடும்.

கூரைத் துணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் ஒட்டிய துணிக்கு முதுகில் மெல்லிய ஃபோம் இருக்கும். வெயிலில் அந்த ஃபோம் பொடியாகி உதிர்ந்தால் துணி தொங்கும். பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி எடுக்காமல் மேலேயே பசை அடித்து ஒட்டினால் திரும்பவும் தொங்கும். சுரண்டத்தான் நேரம் பிடிக்கும், ஒட்ட நேரம் ஆகாது.

தரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கொஞ்சமா? கழுவி, வாசனை அடித்து, புது மேட்டிங் போட்டு விற்பனைக்கு வந்தவையும் உண்டு. தெரிகிற கார்பெட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் தடித்த சணல் பேடைக் கையால் பிழியுங்கள். அது மாதக்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொள்ளும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். கூரை ஒழுகாத வண்டியில் அந்த போல்ட் துருப்பிடித்திருந்தால் வெள்ளத்தைச் சந்தேகியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். முதல் இரண்டு அடியைத்தான் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும்.

வடிவமைப்பு என்று பெரிய பேச்சு பேச எனக்குத் தெரியாது. உட்கார்ந்து பார்ப்பேன். சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தொடைக்குத் தாங்கல் இல்லை, விழுப்புரம் தாண்டும்போது கால் கடுக்கும். அதற்குக் குறைந்தால் முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். சாலையைப் பார்த்தபடியே ஏசியைக் குறைக்க முடிகிறதா, கண்ணாடி சுவிட்ச் எது என்று தேடாமல் விரல் போகிறதா என்று பார்ப்பேன். எல்லாவற்றையும் திரைக்குள் போட்டுவிட்ட வண்டியில் விரலுக்குத் தடம் கிடையாது, கண் சாலையை விட்டு வரத்தான் வேண்டும். அப்புறம் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களைக் கூட்டிவந்து பின்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். கைப்பிடி எங்கே இருக்கிறது, கால் எங்கே இடிக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பின்சீட்டு நடுவில் மூன்றாவது ஆள் உட்காருகிற இடத்தையும் தொட்டுப் பாருங்கள். பல வண்டியில் அங்கே ஃபோம் பாதிதான் இருக்கும்.

இதையெல்லாம் படித்துக் கற்க முடியாது. உண்மையிலேயே பழக வேண்டும் என்றால் புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டியிலிருந்து ஒரு முன்சீட்டை வாங்குங்கள், ஏர்பேக் இல்லாத பழைய சீட்டாகப் பார்த்து. உறையைக் கம்பி வளையம் வளையமாகக் கழற்றுங்கள், வெட்ட வேண்டாம். ஒவ்வொரு தையலாகப் பிரித்து, துண்டுகளை அட்டையில் வைத்து வரைந்து, எது முன், எது பின் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மலிவான ரெக்ஸின் வாங்கி அதே சீட்டுக்குத் தைத்து மாட்டுங்கள். முதல் உறை கட்டாயம் ஏதாவது ஒரு மூலையில் இழுக்கும். எந்த மூலை, ஏன் இழுக்கிறது என்று நீங்களாகக் கண்டுபிடித்த பிறகு இரண்டாவது உறையைத் தையுங்கள். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு குஷன் கடைக்கு வேலை கேட்டுப் போங்கள். வேலை தெரிந்த மேஸ்திரி யாராக இருந்தாலும் அவற்றைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.